இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக நோயறி கருவி: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பயோமெடிக்கல், பயோடெக் மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் உட்காரும்போதும் சரி, ஏழாம் செமஸ்டர் தொடக்கத்தில் வரும் போன்களிலும் சரி, ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நான் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை, கேள்வி எண்ணை மட்டும் தந்திருக்கிறேன்.

1. பாயின்ட் ஆஃப் கேர்னா என்ன சார்? கையில பிடிக்கிற சைஸ்ல இருந்தா போதுமா?

சைஸில் ஒன்றும் இல்லை. நோயாளி எதிரில் இருக்கும்போதே, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நேரத்துக்குள் ரிசல்ட் வந்துவிட வேண்டும். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு ‘நாளைக்கு வாங்கம்மா’ என்று சொன்னால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி வர எத்தனை பேரால் முடியும்? அந்த ‘நாளைக்கு’ இல்லாமல் செய்வதுதான் இந்தக் கருவிகளின் வேலை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டு வாசலிலேயே பிபியும் சர்க்கரையும் பார்க்கிறாரே, அது பாயின்ட் ஆஃப் கேர். கோவாவில் உருவான ட்ரூநாட் காசநோய்க் கருவி மேசை மேல் வைக்கிற அளவு. ஆனால் பேட்டரியில் ஓடும், சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும். 2020இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. அதுவும் பாயின்ட் ஆஃப் கேர்தான். உங்கள் கருவி உள்ளங்கையில் அடங்கினாலும், ரத்தத்தை முதலில் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தர வேண்டும் என்றால் அது லேப் கருவி.

2. நல்ல டாபிக் ஒண்ணு சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கர்ப்பிணிகளுக்கான செக்கப் நாளில் ஒரு காலைப்பொழுது ஓரமாக உட்காருங்கள். லேப் டெக்னீஷியனிடமும் நர்ஸிடமும் ஒன்றைக் கேளுங்கள்: ‘எந்த ரிசல்ட்டுக்காக அதிகம் காத்திருக்கீங்க? அது உடனே வந்தா என்ன மாத்திச் செய்வீங்க?’ இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத டாபிக்கை விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2010இல் இரண்டு இளநிலை மாணவிகள் செய்த சாலி சென்ட்ரிஃப்யூஜ் எனக்குப் பிடித்த உதாரணம். மின்சாரம் இல்லாத கிளினிக்கில் ரத்தசோகையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சிக்கல். சாலட் கீரையைக் கழுவித் தண்ணீர் வடிக்கும் கைச்சுழற்றியில் சீப்பு, தயிர் டப்பா, பசை வைத்து ஒட்டி, சுமார் 30 டாலர் செலவில் 15 மைக்ரோலிட்டர் குழாய்களைச் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் செய்தார்கள். பத்து நிமிடம் கையால் அழுத்தினால் சிவப்பணு தனியாக, பிளாஸ்மா தனியாகப் பிரிந்துவிடும், ஹெமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை) அளந்துகொள்ளலாம். அந்தக் கோடையிலேயே அதை ஈக்வடார், மலாவி, ஸ்வாசிலாந்து நாடுகளுக்குச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். சென்சாரும் இல்லை, ஆப்பும் இல்லை. சிக்கல் மட்டும் தெளிவாக இருந்தது.

ரத்தசோகை நம் ஊருக்கும் பொருந்தும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. டாபிக் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.

3. 940 நானோமீட்டர் எல்இடி வச்சு, விரலைக் குத்தாம சர்க்கரை பார்க்கிற ப்ராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கோம். ஓகேவா?

வேண்டாம். ஒவ்வொரு வருடமும் வரும் ப்ராஜெக்ட் இது, ஒவ்வொரு வருடமும் ‘வேலை செய்யும்’. ஏன் வேலை செய்வதுபோல் தெரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் ரத்தத்தில் சர்க்கரை 0.1 சதவீதம்தான். அந்த அலைநீளத்தில் குளுக்கோஸ் ஒளியை உறிஞ்சுவது மிகமிகக் குறைவு. பக்கத்திலேயே 970 நானோமீட்டர் அளவில் தண்ணீரின் உறிஞ்சல் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதோடு ஹீமோகுளோபின், கொழுப்பு, தோலின் தடிமன், விரலை எவ்வளவு அழுத்தினீர்கள், வியர்வை, அறையின் வெளிச்சம் எல்லாம் உண்டு. உங்கள் போட்டோடயோடு பார்ப்பது இவற்றைத்தான். வகுப்புத் தோழர்கள் பத்துப் பேரை அளந்து, வந்த வோல்டேஜையும் குளுக்கோமீட்டர் எண்ணையும் எக்ஸலில் போட்டு ஒரு கோடு வரைந்தால், சாப்பிடாத நேரத்தில் எல்லோருக்கும் சர்க்கரை 80க்கும் 110க்கும் இடையில்தான் இருக்கும். எந்த ஃபார்முலாவைப் போட்டாலும் ‘கிட்டத்தட்ட சரி’யாக வரும். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோருக்கும் 95 என்று எழுதினாலும் அதே பிழைதான் வரும். எழுதிப் பாருங்கள்.

உலகப் பெரிய நிறுவனங்களே பல ஆண்டுகளாக இதில் மோதிக்கொண்டிருக்கின்றன. தோலைத் துளைக்காமல் சர்க்கரை சொல்வதாக விற்கப்படும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சர்க்கரை பார்க்கும் சிஜிஎம் கருவிகூட தோலுக்கடியில் மெல்லிய இழையை விட்டுத்தான் அளக்கிறது. தவறான எண்ணைப் பார்த்து யாராவது இன்சுலின் போட்டுக்கொண்டால் நடப்பது ப்ராஜெக்ட் மார்க்கோடு முடியாது.

4. மேக்ஸ்30102 சென்சார் வாங்கி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி செஞ்சோம். அது எங்க சொந்தக் கருவின்னு சொல்லலாமா?

சர்க்யூட் உங்களுடையது என்று சொல்லலாம். பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படையை ஜப்பானின் டகுவோ அவோயாகி 1974இலேயே கண்டுபிடித்துவிட்டார். இன்று அதைச் செய்து காட்டுவதில் புதுமை இல்லை. கற்றுக்கொள்ள நல்ல பயிற்சி.

இதிலும் ஒரு உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி இருக்கிறது. கறுப்பின நோயாளிகளிடம், உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டிய தருணங்கள் வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2020இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவது காரணங்களில் ஒன்று. நம் ஊரில் எல்லா நிறத்திலும் விரல்கள் இருக்கின்றன. அதைக் கணக்கில் எடுத்து, முறையான அனுமதியோடு (கேள்வி 8) செய்யும் ஆய்வை நான் ஆர்வமாகப் படிப்பேன்.

5. ஆர்டினோ போதுமா, இல்ல பெரிய போர்டு வேணுமா?

கணக்குப் போட்டால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆர்டினோ ஊனோவின் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட். 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். குளுக்கோஸ் ஸ்ட்ரிப்பில் வருவது மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டம். 10 கிலோஓம் வழியாக ஒரு மைக்ரோஆம்பியரை மாற்றினால் 10 மில்லிவோல்ட், அதாவது இரண்டே படி. உங்கள் அளவீடு முழுவதும் அந்த இரண்டு படிக்குள் முடிந்துவிடும். சிக்னலின் பெருக்கத்தை (கெயின்) ஏற்றுங்கள், அல்லது 16 பிட் ஏடிசி ஒன்றைத் தனியாகச் சேருங்கள். பிரெட்போர்டிலிருந்து சீக்கிரம் இறங்குங்கள். ஈரப்பதமான நாளில் அதன் கசிவு மின்னோட்டமே உங்கள் சிக்னலில் கலந்துவிடும்.

6. தனி சென்சார் எதுக்கு, ஃபோன் கேமராலயே ஸ்ட்ரிப் கலரைப் படிச்சிடலாமே?

படிக்கலாம், ஃபோனை நம்பாமல். ஃபோன் கேமரா படம் அழகாக வர வேண்டும் என்று செய்யப்பட்டது. ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஷார்ப்னஸ் எல்லாவற்றையும் உங்களைக் கேட்காமலே மாற்றிவிடும். டியூப்லைட்டில் ஒரு எண், ஜன்னலோரத்தில் வேறு எண், நண்பனின் ஃபோனில் மூன்றாவது எண் வரும்.

வெளிச்சம் புகாத சின்னப் பெட்டி, அதற்குள் சொந்த எல்இடி, ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்திலேயே அச்சடித்த, ஒப்பிட்டுப் பார்க்கும் நிறக் கட்டங்கள். இந்த மூன்றும் இருந்தால் பாதிச் சண்டை தீரும். அப்புறம் குறைந்தது மூன்று வேறு மாடல் ஃபோன்களில் ஒரே ஸ்ட்ரிப்பைப் படித்து, எவ்வளவு விலகுகிறது என்று ரிப்போர்ட்டில் போடுங்கள். விலை மலிவான பழைய ஃபோன் ஒன்றும் அதில் இருக்கட்டும், களத்தில் இருக்கப்போவது அதுதான்.

7. விரல்ல ஒரு துளி எடுத்தா போதும், அதுலயே பத்து டெஸ்ட் பண்ணலாம்னு சொல்றாங்களே?

சொன்ன ஒரு நிறுவனம் என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. 2003இல் தொடங்கிய தெரானோஸின் நிறுவனர், முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பானார். மோசடியை ஒதுக்கிவைத்துவிட்டு அறிவியலை மட்டும் பார்த்தாலும் விரல் துளி ஒரு தொல்லை பிடித்த சாம்பிள்.

விரலைப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலக்கும். சிவப்பணுக்கள் உடையும், உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து ரிசல்ட்டை உயர்த்திக் காட்டும். இவை தவிர, ஒரே விரலின் அடுத்தடுத்த துளிகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. 2015இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் உயிரிப் பொறியியல் துறையிலிருந்து வந்த ஒரு கட்டுரை இதை அளந்தது: சிரையில் எடுத்த ரத்தத்தின் நிலைத்தன்மையை எட்ட, ஆறு முதல் ஒன்பது விரல் துளிகளின் சராசரி எடுக்க வேண்டியிருந்தது. அதை முன்னின்று செய்தவர் ஒரு ஆராய்ச்சி மாணவிதான். கருவி எதையும் கண்டுபிடிக்காமல், எல்லாக் கருவிகளுக்கும் அடியில் இருந்த ஒரு அனுமானத்தைச் சோதித்த வேலை. இறுதியாண்டில் இந்த மாதிரி வேலை செய்ய யாரும் முன்வருவதில்லை என்பது என் ஆதங்கம்.

ஆகவே: முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், பிழியாதீர்கள், கை ஜில்லென்று இருந்தால் வெதுவெதுப்பாக்குங்கள். எப்படி எடுத்தீர்கள் என்பதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

8. வேற யாரும் வேண்டாம், எங்க டீம்ல நாலு பேரும் எங்களுக்கு நாங்களே குத்திக்கிறோம். அதுக்குமா எத்திக்ஸ் கமிட்டி?

அதற்கும்தான். மனிதரிடமிருந்து சாம்பிள் எடுத்து ஆய்வு செய்தால், அது உங்கள் விரலாக இருந்தாலும், நிறுவன எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். நண்பர் ‘சரிடா’ என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. மார்க் கொடுக்கும் கைடு கேட்டால் மாணவரால் மறுக்க முடியாது என்பதால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை மாணவர்களையும் தனிக் கவனத்தோடு நடத்தச் சொல்கிறது. உங்கள் கல்லூரியில் கமிட்டி இல்லையென்றால் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் கமிட்டியோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ள வழி உண்டு. மாதங்கள் ஆகலாம், அதனால் செமஸ்டர் தொடங்கும்போதே விண்ணப்பியுங்கள்.

காகித வேலையைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. குத்தும் லான்செட்டை ஒருவருக்குப் பயன்படுத்தி இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. பேனா மாதிரி இருக்கும் லான்சிங் கருவியையும் பகிரக் கூடாது. அதன் மூடியில் ஒட்டும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி பரவும். ரத்தத்தோடு வேலை செய்யும் எல்லோரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி லான்செட் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கும், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கும் போக வேண்டும். ஹாஸ்டல் குப்பைத்தொட்டியில் லான்செட் கிடந்தால், காலையில் அதில் கைவிடப்போவது பெருக்க வரும் அக்கா.

9. அப்ப ரத்தமே இல்லாம எப்படி சார் ஆரம்பிக்கிறது?

தாராளமாக ஆரம்பிக்கலாம். முதலில் பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாத கரைசல்) தெரிந்த அளவு பொருளைக் கலந்து அளவுத்திருத்தக் கோடு (கேலிப்ரேஷன்) வரையுங்கள். அடுத்து, மருத்துவமனை லேப்கள் தினமும் ஓட்டும் கன்ட்ரோல் சீரம். மதிப்பு அச்சடித்தே வரும். மூன்றாவதுதான் மனித சாம்பிள். அதிலும் பரிசோதனை முடிந்து தூக்கிப்போட வைத்திருக்கும் மிச்ச ரத்தத்தை, பெயர் அடையாளம் நீக்கி, கமிட்டி அனுமதியோடு வாங்கலாம். யாரையும் புதிதாகக் குத்த வேண்டியதில்லை என்பதால், தனித்தனியாகச் சம்மதம் வாங்குவதிலிருந்து விலக்குத் தரவும் கமிட்டிக்கு இடமுண்டு.

மிச்ச சாம்பிளில் ஒரு பொறி உண்டு. ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளேயும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலையில் லேபில் 140 இருந்த குழாயை மதியம் நீங்கள் அளந்தால் 140 வராது, கருவியைக் குறை சொல்லாதீர்கள். சர்க்கரைக்கு ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயைக் கேளுங்கள். ஹீமோகுளோபின் இந்த விஷயத்தில் சாது, ஈ.டி.டி.ஏ. குழாயில் அன்றைக்கு முழுதும் மாறாமல் இருக்கும்.

10. கடையில வாங்கின குளுக்கோமீட்டரோட ஒப்பிட்டா போதாதா?

போதாது. ஐ.எஸ்.ஓ. 15197 தரநிலையின் 2013 பதிப்பு அந்தக் குளுக்கோமீட்டருக்கே எவ்வளவு தளர்வு தருகிறது பாருங்கள்: 100க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ இருக்கலாம், 100க்கு மேலே 15 சதவீதம், 95 சதவீத அளவீடுகள் இந்த வரம்புக்குள் இருந்தால் போதும். உண்மை 200 என்றால் மீட்டர் 170ம் காட்டலாம், 230ம் காட்டலாம். ஆடும் அளவுகோலை வைத்து உங்கள் கருவி நேரா கோணலா என்று எப்படிச் சொல்வீர்கள்?

லேப் அனலைசரோடு ஒப்பிடுங்கள். ஹீமோகுளோபினுக்கு டிராப்கின் கரைசலில் செய்து 540 நானோமீட்டரில் படிக்கும் சயன்மெத்ஹீமோகுளோபின் முறை உண்டு. அந்தக் கரைசலில் சயனைடு இருக்கிறது, டெக்னீஷியன் இல்லாமல் தொடாதீர்கள். ஒப்பிடும்போது இரண்டு சாம்பிளும் ஒரே நேரத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். லேப் பிளாஸ்மாவை அளக்கும், உங்கள் ஸ்ட்ரிப் முழு ரத்தத்தைத் தொடும். சர்க்கரை பிளாஸ்மாவில் சுமார் 11 சதவீதம் அதிகம். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சிரை ரத்தத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக இருக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்.

11. ஆர் ஸ்கொயர் 0.98 வந்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?

உங்கள் கருவி எல்லோருக்கும் ஹீமோகுளோபினை 2 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று வையுங்கள். 8 இருப்பவருக்கு 10, 10 இருப்பவருக்கு 12. கோடு கச்சிதமாக வரும், புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் 1. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 9.5 இருக்கும் பெண்ணுக்கு உங்கள் கருவி 11.5 என்று சொல்லி, நன்றாக இருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்குவது வேறு, ஒத்துப்போவது வேறு. பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986இல் லான்செட் இதழில் எழுதியது இதைத்தான். ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு முறைகளின் சராசரியைக் கிடை அச்சிலும், வித்தியாசத்தை நெடு அச்சிலும் போடுங்கள். சராசரி விலகல் எவ்வளவு, 95 சதவீத விலகல்கள் எந்த எல்லைக்குள் என்று பாருங்கள். அந்த எல்லை ஒரு நர்ஸுக்கு ஏற்புடையதா என்பதை எக்ஸல் சொல்லாது, நர்ஸிடம்தான் கேட்க வேண்டும்.

12. எத்தனை பேர்கிட்ட எடுக்கணும்? 30 போதும்னு சீனியர் சொன்னார்.

முப்பது பேரில் ஒரு பிழைகூட வரவில்லை என்றாலும், உண்மையான பிழை விகிதம் 10 சதவீதம் வரை இருக்க வாய்ப்புண்டு. மூன்றை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் தோராயமான மேல்வரம்பு அது. 1 சதவீதத்துக்குள் என்று சொல்ல 300 பேர் வேண்டும்.

எண்ணிக்கையைவிட யார் என்பது முக்கியம். இருபது வயது ஆரோக்கியமான மாணவர்கள் 300 பேரை அளந்தாலும், ஹீமோகுளோபின் 6 இருக்கும்போது கருவி என்ன செய்யும் என்று தெரியாது. குறைவு, நடுத்தரம், அதிகம் மூன்றிலும் ஆட்கள் வேண்டும். இறுதியாண்டில் இது முடியாது என்றால், முடியவில்லை, இத்தனை பேரிடம் இந்த வரம்புக்குள் மட்டும் சோதித்தோம் என்று எழுதுங்கள். அதற்காக மார்க் குறைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

13. ‘95 சதவீதம் துல்லியம்’னு போஸ்டர்ல போடலாமா?

எந்த 95? நோய் இருப்பவர்களில் 95 சதவீதம் பேரைப் பிடிக்கிறதா, நோய் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரை இல்லை என்கிறதா? இரண்டும் தனித்தனி எண்கள், தனித்தனியாகப் போடுங்கள்.

இரண்டுமே 95 என்று வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் வரும் முகாமுக்குப் போவோம். நோய் 2 சதவீதம் பேருக்கு, அதாவது 20 பேருக்கு. கருவி 19 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 5 சதவீதம், 49 பேருக்கு, இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லும். பாசிடிவ் வந்தவர்கள் 68. உண்மையில் நோய் உள்ளவர்கள் அதில் 19, சுமார் 28 சதவீதம். அதே கருவியை, பாதிப் பேருக்கு நோயுள்ள சிறப்பு வார்டில் வைத்தால் பாசிடிவ்களில் 95 சதவீதம் சரியாக இருக்கும். கருவி மாறவில்லை, இடம் மாறியது. கருவியை வைக்கப்போகும் இடத்துக்கே போய்ப் பார்க்கும்படி கேள்வி 2இல் சொன்னது இதற்காகவும்தான்.

14. ரேபிட் டெஸ்ட் கார்டுல சி கோடு வந்துட்டா டெஸ்ட் சரின்னுதானே அர்த்தம்?

திரவம் காகிதத்தில் கடைசி வரை ஓடியது, தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடி கெட்டுப்போகவில்லை. சி (கன்ட்ரோல்) கோடு சொல்வது இவ்வளவுதான். பெரும்பாலான கார்டுகளில் சாம்பிள் போட மறந்து பஃபர் மட்டும் விட்டாலும் சி கோடு வரும்.

இன்னொரு விசித்திரம் உண்டு. சாம்பிளில் தேடும் பொருள் அளவுக்கு மீறி அதிகமாக இருந்தால் டி (டெஸ்ட்) கோடு மங்கும், மறைந்தும் போகலாம். துகளில் உள்ள ஆன்டிபாடியையும் கோட்டில் உள்ள ஆன்டிபாடியையும் அந்தப் பொருள் தனித்தனியாக நிரப்பிவிடுவதால் இரண்டும் இணைய முடியாது. ஹூக் விளைவு என்பார்கள். மிக அதிக அளவில் சோதித்துப் பார்க்காமல் டைனமிக் ரேஞ்ச் (கருவி சரியாக அளக்கும் வரம்பு) என்று எழுதாதீர்கள்.

15. லேப்ல சூப்பரா வேலை செஞ்சுது, கேம்ப்ல சொதப்பிடுச்சு. ஏன்?

பெரும்பாலும் வெயில். ஸ்ட்ரிப் டப்பாக்களில் பொதுவாக 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ நிறுத்திவைத்த காருக்குள் வெப்பம் எங்கே போய் நிற்கும்? என்சைம் செயலிழக்கும். சென்னை, தூத்துக்குடி பக்கம் ஈரப்பதம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும், நைட்ரோசெல்லுலோஸ் காகிதத்தில் ஓட்டத்தின் வேகத்தையும் மாற்றும். டப்பாவுக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பையை அலங்காரம் என்று நினைத்துத் தூக்கிப்போடுபவர்களும் உண்டு.

அடுத்தது ஆட்கள். லேபில் அளந்தவர்கள் மாணவர்கள். முகாமுக்கு வருகிறவர்களில் பலருக்கு ரத்தசோகை இருக்கும். சிவப்பணு குறைவாக இருந்தால் பல ஸ்ட்ரிப்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். மருந்துகளும் குறுக்கே வரும். ஒரு வகை என்சைமைப் பயன்படுத்திய ஸ்ட்ரிப்கள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணின. வயிற்றுவழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசல் பெற்றவர்களுக்கு உடலில் மால்டோஸ் உருவாகும். மீட்டர் பொய்யாக உயர்த்திக் காட்ட, இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போடப்பட்டது. 1997 முதல் 2009 வரை இதன் தொடர்பில் 13 மரணங்கள் பதிவானதாக எஃப்.டி.ஏ. 2009இல் அறிவித்தது. விற்பனையில் இருந்த, அனுமதி பெற்ற ஸ்ட்ரிப்கள் அவை.

16. மெஷின் லேர்னிங் போட்டதும் 99 சதவீதம் வந்துடுச்சு. நம்பலாமா?

ஒரு நோயாளியிடம் எடுத்த பத்துப் படங்களில் எட்டு பயிற்சிக்கும் இரண்டு சோதனைக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் உங்கள் மாடல் நோயைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் கண்டிருக்கிறது. படங்களைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள். எண் இறங்கும். இறங்கியதைப் போடுங்கள்.

17. இதுக்கெல்லாம் கவர்மென்ட் லைசென்ஸ் வேணுமா?

மேசையில் பஃபரோடு விளையாடும்வரை தேவையில்லை. விற்கவோ, ரிசல்ட்டைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தவோ தொடங்கினால் 2017 மருத்துவக் கருவி விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். ஆபத்துக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். தவறான முடிவு யாரை எவ்வளவு பாதிக்கும் என்பதே அளவுகோல், அதனால் ரத்ததானத்துக்கான எச்.ஐ.வி. சோதனை டி வகுப்பு. ஏ, பி இரண்டுக்கும் தயாரிப்பு உரிமம் மாநில அதிகாரியிடம், சி, டி இரண்டுக்கும் டெல்லியில் உள்ள மத்திய அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.விடம்.

இடையில் ஒரு படி உண்டு. சோதனைக்கும் செயல்விளக்கத்துக்கும் மட்டும் சிறிய அளவில் தயாரிக்க எம்.டி.-12 படிவத்தில் விண்ணப்பித்தால் எம்.டி.-13 உரிமம் கிடைக்கும். மருத்துவமனையோடு சேர்ந்து வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் கைடிடம் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். ‘சும்மா ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்தானே’ என்பது சட்டத்தில் இல்லாத விலக்கு.

18. கையடக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பண்ணா?

ரொம்ப யோசித்துத் தொடுங்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் அந்தக் கருவிகளை யார் வைத்திருக்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதையும் கட்டுப்படுத்துகிறது. பதிவு செய்யாத இடத்தில் ஸ்கேன் கருவி இருப்பதே குற்றமாகலாம். உடலுக்குப் பதிலாக ஜெல்லால் செய்த மாதிரியில் (ஃபாண்டம்) சிக்னல் பிராசஸிங் மட்டும் செய்வதென்றாலும் கல்லூரி நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள்.

19. சிம்போசியத்துல பரிசு வாங்கிட்டோம், இப்ப பேட்டன்ட் போடலாம்ல?

வரிசை தலைகீழாகிவிட்டது. பொதுவில் காட்டிவிட்டால் புதுமை போய்விடும். சில வகைக் கண்காட்சி, கற்றறிஞர் சபைகளுக்கு மட்டும் குறுகிய சலுகை உண்டு, உங்கள் சிம்போசியம் அதில் அடங்கும் என்று நம்ப வேண்டாம். முதலில் தற்காலிக விண்ணப்பம், பிறகு போஸ்டர். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகையும் உண்டு.

இந்தியச் சட்டத்தின் பிரிவு 3(ஐ) நோயறியும் முறைக்குக் காப்புரிமை தராது. கருவிக்குத் தரும். அதனால் ‘ரத்தசோகை கண்டறியும் முறை’ என்று எழுதாமல், உங்கள் பெட்டியின் அமைப்பு, சர்க்யூட், ஸ்ட்ரிப் இவற்றை உரிமைகோரலில் வையுங்கள். இந்தப் பிரிவு எதுவரை நீளும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு கருச் சோதனை வழக்கில் விரிவாக ஆராய்ந்தது; கல்லூரியின் காப்புரிமைப் பிரிவில் இருப்பவர்களை அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

20. நாலு பேருக்கும் ஐ.டி.யில பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு. கருவியை என்ன பண்றது?

தொடர ஆசை என்றால் வழி இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத்துக்கு நிதி தரும் மத்திய அரசின் பிராக் அமைப்பு ‘பிக்’ திட்டத்தில் 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இன்குபேட்டரில் சேர்ந்தோ, கம்பெனி பதிவு செய்தோ விண்ணப்பிக்க வேண்டும். மாணவர்களுக்கென்று ‘சிதாரே’ திட்டம் தனியாக உண்டு.

ஆசை இல்லையென்றாலும் தப்பில்லை, ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போங்கள். சர்க்யூட் படம், புரோகிராம், அளவுத்திருத்த எண்கள், எக்ஸலுக்குப் போகும் முன்பிருந்த மூல அளவீடுகள், எதெதை முயன்று எதெது வேலை செய்யவில்லை என்ற பட்டியல் ஆகியவை ஜூனியர்களுக்கு. கடைசியாகச் சொன்ன பட்டியல்தான் அவர்களுக்கு ஒரு செமஸ்டரை மிச்சப்படுத்தும். கையெழுத்தான சம்மதப் படிவங்களும் சாம்பிள் விவரங்களும் கைடிடம் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், உங்கள் பென்டிரைவில் அல்ல. மிச்ச சாம்பிள்களைக் கமிட்டிக்குச் சொன்ன முறையில் அழித்து, அழித்த தேதியை எழுதிவையுங்கள். கருவியை அலமாரியில் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.